மாணவர்கள் எழுதித் தந்த சீட்டுகளை என்ன செய்வது?

வாசகர் கேள்வி: ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு நடத்துகிறேன். 14 வருட அனுபவம். போன வெள்ளிக்கிழமை ஏதோ தோன்றி, வகுப்பில் இருந்த 41 பேருக்கும் துண்டுச் சீட்டு கொடுத்து, “என் பாடம் எப்படி இருக்கிறது என்று பெயர் போடாமல் எழுதுங்கள்” என்றேன். பாதிக்கு மேல் “நல்லா இருக்கு மிஸ்” என்றுதான் இருந்தன. ஒன்பது பேர் “வேகமா போறீங்க” என்று எழுதியிருந்தார்கள். நாலு பேர் “சந்தேகம் கேட்கப் பயமா இருக்கு” என்று. ஒரு சீட்டில் மட்டும், “இந்த வகுப்பில் உட்காருவதே தண்டனை.” அது யார் கையெழுத்து என்று எனக்குத் தெரிந்துவிட்டது. என்னிடம் பிரியமாக இருப்பதாக நான் நினைத்திருந்த பையன். இரண்டு நாளாகத் தூக்கமில்லை. சக ஆசிரியர்களிடம் சொன்னால், “இடம் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவார்கள், உங்களுக்கு எதற்கு இந்த வேலை?” என்கிறார்கள். திங்கட்கிழமை வகுப்புக்குள் எந்த முகத்தோடு போவது? இனிமேல் இப்படிக் கேட்கலாமா, வேண்டாமா? அந்தச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றுகிறது.

பதில்:

அன்புள்ள ஆசிரியருக்கு,

இனிமேலும் கேளுங்கள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அடுத்த முறை கேட்பதற்கு முன், இந்த முறை கேட்டதற்குப் பதில் சொல்லி முடிக்க வேண்டும். திங்கட்கிழமை ஒன்றும் நடக்காததுபோல் அடுத்த பயிற்சிக் கணக்கைத் தொடங்கிவிட்டால், 41 பேரும் ஒரே பாடத்தைக் கற்றுக்கொள்வார்கள்: மிஸ் கேட்பார்கள், ஆனால் ஒன்றும் ஆகாது. அதற்கு அப்புறம் எத்தனை சீட்டு கொடுத்தாலும் “நல்லா இருக்கு மிஸ்” மட்டும்தான் வரும். கேட்காமலே இருப்பதைவிட, கேட்டுவிட்டுக் கிடப்பில் போடுவது பிள்ளைகளின் நம்பிக்கையை அதிகமாகக் கெடுக்கும். ஆசிரியர் பயிற்சியில் இத்தனை வருடம் இருந்ததில் இதைப் பல வகுப்புகளில் பார்த்திருக்கிறேன்.

முதலில் சீட்டுகளை மறுபடி எடுத்து மேசைமேல் பரப்பிப் படியுங்கள். இரண்டு நாளாக உங்கள் மனதில் ஓடிக்கொண்டிருப்பது ஒரே ஒரு சீட்டு. மீதி 40 எங்கே போயின? மனித மனம் அப்படித்தான், நாற்பது பேர் தோளில் தட்டினாலும் ஒருவர் கிள்ளியதுதான் நினைவில் நிற்கும். அதற்காக “நல்லா இருக்கு மிஸ்” என்பதைப் பார்த்துச் சமாதானம் ஆகிவிடுங்கள் என்றும் சொல்ல மாட்டேன். அது மரியாதைக்கு எழுதியதாக இருக்கலாம், என்ன எழுதுவது என்று தெரியாமல் எழுதியதாக இருக்கலாம், உண்மையாகவும் இருக்கலாம். அதிலிருந்து உங்களுக்குத் தகவல் எதுவும் கிடைக்காது. தகவல் இருப்பது அந்த ஒன்பதிலும் நாலிலும்தான்.

என்னைக் கேட்டால், அந்தக் கட்டில் மிக முக்கியமான சீட்டு “தண்டனை” என்று எழுதியது இல்லை. “சந்தேகம் கேட்கப் பயமா இருக்கு” என்ற நாலுதான். நாலு பேர் எழுதினால் அதை நினைத்துக்கொண்டே எழுதாமல் விட்டவர்கள் இன்னும் சிலர் இருப்பார்கள், ஏனென்றால் பயப்படுகிற பிள்ளை பயத்தை எழுதவும் பயப்படும். நன்னூல் ஆசிரியர் ஆகாதவர்களுக்கு நாலு உவமை சொல்கிறது. அதில் ஒன்று மடற்பனை. உச்சியில் பழம் இருக்கும், ஆனால் மரம் முழுக்கக் கருக்கு மட்டை. யாரும் ஏறிப் பறிக்க முடியாது. பழம் தானாக விழுந்தால் பொறுக்கிக்கொள்ளலாம், அவ்வளவுதான். பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இந்தக் குறையைக் கண்டுபிடித்து எழுதி வைத்திருக்கிறார்கள். உங்களை மடற்பனை என்று சொல்ல நான் வரவில்லை. மடற்பனை தன் பிள்ளைகளுக்குச் சீட்டு கொடுத்துக் கேட்காது. ஆனால் எந்தக் கருக்கு பிள்ளைகளைக் கீறுகிறது என்று தேடிப் பார்க்க வேண்டும்.

அது பெரும்பாலும் ஆசிரியருக்கே தெரியாத சின்ன விஷயமாக இருக்கும். “இதுகூடத் தெரியாதா?” என்று சாதாரணமாகக் கேட்பது. தவறான விடை சொன்ன பிள்ளையிடமிருந்து முகத்தைத் திருப்பி, அடுத்தவனைப் பார்த்து “நீ சொல்லு” என்பது. “புரிஞ்சுதா?” என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் கரும்பலகைப் பக்கம் திரும்பிவிடுவது. இந்தக் கடைசி விஷயத்தை மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் வகுப்பறை ஒலிப்பதிவுகளைக் கேட்டு அளந்து பார்த்தார். ஒரு கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடி அளவுதான் காத்திருந்தார்கள். அதற்குள் பதில் வராவிட்டால் வேறு பிள்ளையிடம் போனார்கள், அல்லது தாங்களே விடை சொன்னார்கள். அந்தக் காத்திருப்பை மூன்று விநாடிக்கு நீட்டியபோது பதில்கள் நீண்டன, “தெரியாது” என்பதும் மௌனமும் குறைந்தன, தாமாக முன்வந்து பேசும் பிள்ளைகள் கூடினார்கள். மூன்று விநாடி என்பது சொல்லும்போது ஒன்றுமில்லை. வகுப்பில் நின்று பாருங்கள், யுகமாகத் தெரியும். மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிப் பழகுங்கள். உங்கள் வகுப்பில் “வேகமா போறீங்க” என்று எழுதிய ஒன்பது பேருக்கும் “பயமா இருக்கு” என்ற நாலு பேருக்கும் சேர்த்து இந்த ஒரு மாற்றம் பாதி மருந்தாகிவிடும் என்று நினைக்கிறேன். வேகம் என்று அவர்கள் சொல்வது, பாடம் ஓடுகிற வேகமாக மட்டும் இருக்க வேண்டியதில்லை. யோசிக்க நேரம் கிடைக்கவில்லை என்பதையும் பிள்ளைகள் அந்த வார்த்தையால்தான் சொல்வார்கள்.

இனி அந்தக் கையெழுத்து.

நீங்கள் “பெயர் போட வேண்டாம்” என்று சொன்னீர்கள். அது வாக்கு. கையெழுத்து உங்களுக்குத் தெரிந்துபோனது அந்தப் பையனின் குற்றம் இல்லை. அதனால் அவனிடம் தனியாகப் பேசாதீர்கள், “ஏன்டா அப்படி எழுதின?” என்று அன்பாகக்கூடக் கேட்காதீர்கள். அவனுக்கு அன்று கேட்கிற முதல் செய்தி “என்னைக் கண்டுபிடித்துவிட்டார்கள்” என்பதுதான். அன்பெல்லாம் அதற்குப் பின்னால் வந்து காதில் விழாது. மதிய இடைவேளைக்குள் வகுப்பு முழுவதற்கும் தெரிந்துவிடும். இன்னும் நுட்பமான ஆபத்து ஒன்று இருக்கிறது. நீங்கள் அவனை ஒன்றும் கேட்காமலே, உங்களையும் அறியாமல் அவனைக் கேள்வி கேட்பதைக் குறைத்துக்கொள்வீர்கள், அல்லது சமாதானம் பண்ணுவதுபோல அளவுக்கு மீறிச் சிரிப்பீர்கள். பிள்ளைகள் இரண்டையும் உடனே கண்டுகொள்வார்கள். போன வாரம் அவனை எப்படி நடத்தினீர்களோ அப்படியே நடத்துங்கள். கஷ்டம்தான். ஆனால் இதில் உங்களைத் தவிர வேறு யாரும் உங்களுக்கு உதவ முடியாது.

அவன் எழுதிய வாக்கியத்தையும் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். “மிஸ் மோசம்” என்று அவன் எழுதவில்லை. “உட்காருவதே தண்டனை” என்றான். பதினான்கு வயதில் நாற்பது நிமிடம் அசையாமல் உட்காருவது பலருக்குத் தண்டனைதான். கணக்கு புரியாமல் உட்காருவது இன்னும் பெரிய தண்டனை. புரிந்துபோன கணக்கையே பத்து முறை போட்டுக்கொண்டு உட்காருவதும் அப்படியே. எது என்று உங்களுக்கு இப்போது தெரியாது, ஊகிக்கவும் வேண்டாம். இது கேள்வியில் இருந்த கோளாறு. “என் பாடம் எப்படி இருக்கிறது?” என்று கேட்டால் பிள்ளைகள் மதிப்பெண் போடுவார்கள், அல்லது மனதில் பட்டதை ஒரு வார்த்தையில் கொட்டுவார்கள். ஆசிரியருக்கு மதிப்பெண் போடும் வேலையை அவர்களுக்குக் கொடுக்க வேண்டாம். தங்கள் அனுபவத்தைச் சொல்லும் வேலையைக் கொடுங்கள். அதில் அவர்களைவிடத் தகுதியானவர்கள் யாரும் இல்லை.

உயர்கல்வி ஆசிரியர்களிடையே ஸ்டீபன் புரூக்ஃபீல்ட் என்ற கல்வியாளரின் ஐந்து கேள்விகள் பிரபலம். வார இறுதியில் பெயர் இல்லாமல் எழுதச் சொல்வார். இந்த வாரம் எந்த நேரத்தில் பாடத்தோடு மிகவும் ஒன்றியிருந்தாய்? எந்த நேரத்தில் விலகிப் போனாய்? யார் செய்த எந்தச் செயல் உதவியாக இருந்தது? எது குழப்பியது? எது வியப்பாக இருந்தது? கவனித்தீர்களா, ஒன்றிலும் “ஆசிரியர் எப்படி?” என்பது இல்லை. எல்லாமே ஒரு நேரத்தையும் ஒரு செயலையும் கேட்கின்றன. ஒன்பதாம் வகுப்புக்கு ஐந்தும் அதிகம். இரண்டு போதும்: “இந்த வாரம் எந்த இடத்தில் புரிந்தது? எந்த இடத்தில் விட்டுப்போனது?” இப்படிக் கேட்டால் “புதன்கிழமை இரண்டாவது கணக்கில் நீங்க ஒரு படியை மனசுக்குள்ளேயே போட்டுட்டீங்க” என்கிற மாதிரிப் பதில் வரும். அதை வைத்து வியாழக்கிழமையே ஏதாவது செய்யலாம்.

நான் வகுப்பில் இருந்த முதல் வருடங்களில் ஒரு தப்பு செய்தேன். வருடக் கடைசியில், தேர்வு எல்லாம் முடிந்தபின் பிள்ளைகளிடம் கருத்து எழுதி வாங்கினேன். விடுமுறையில் உட்கார்ந்து படித்தபோது ஒரு பெண் எழுதியிருந்தாள்: “நீங்க போர்டைப் பார்த்துப் பேசும்போது பின்னாடி ஒண்ணும் கேட்காது.” ஒரு வருடம் முழுக்க அந்தப் பெண் கேட்காமலே உட்கார்ந்திருக்கிறாள். அவள் வேறு பள்ளிக்குப் போய்விட்டாள், மன்னிப்புக் கேட்கக்கூட வழியில்லை. அதிலிருந்து வருடக் கடைசியில் கேட்பதை விட்டேன். பருவம் தொடங்கி நாலைந்து வாரத்தில் கேட்டால், சொன்ன பிள்ளைக்கே பலன் போய்ச் சேரும். நீங்கள் வருடத்தின் நடுவிலேயே கேட்டுவிட்டீர்கள், அந்த வகையில் என்னைவிட நல்ல இடத்தில் இருக்கிறீர்கள்.

சரி, திங்கட்கிழமை என்ன சொல்வது? நீளமாக வேண்டாம், ஐந்து நிமிடம் போதும். மேசைக்குப் பின்னால் நிற்காமல் முன்னால் வந்து, சீட்டுக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். கிட்டத்தட்ட இப்படி: “வெள்ளிக்கிழமை எழுதினதை எல்லாம் படிச்சேன், இரண்டு தடவை படிச்சேன். ஒன்பது பேர் வேகமா போறேன்னு எழுதியிருக்கீங்க. இந்த வாரத்திலிருந்து ஒவ்வொரு புதுக் கணக்குக்கும் அப்புறம் இரண்டு நிமிஷம் நான் பேச மாட்டேன், நீங்க பக்கத்துல இருக்கிறவங்களோட சரிபார்த்துக்கலாம். நாலு பேர் சந்தேகம் கேட்கப் பயம்னு எழுதியிருக்கீங்க. அது எனக்கு வருத்தமா இருந்துச்சு. இந்தப் பெட்டியில சந்தேகத்தை எழுதிப் போடுங்க, மறுநாள் முதல் ஐந்து நிமிஷம் அதுக்குத்தான். சிலர் வீட்டுப்பாடமே வேண்டாம்னு எழுதியிருக்கீங்க. அதை நான் செய்ய மாட்டேன், ஏன்னா கையால போட்டுப் பார்க்காம கணக்கு வராது. ஆனா எண்ணிக்கையைக் குறைக்க முடியுமான்னு பார்க்கிறேன்.” வீட்டுப்பாடம் என்பது என் ஊகம், உங்கள் கட்டில் வேறு ஏதாவது இருக்கும். “தண்டனை” சீட்டைப் படித்துக் காட்டாதீர்கள். “சிலருக்கு இந்த வகுப்பில் உட்காருவது கஷ்டமாக இருக்கிறது, அது ஏன் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்” என்று ஒரு வரியில் எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டு நகருங்கள். எழுதியவனுக்குப் போய்ச் சேர வேண்டியது போய்ச் சேரும்.

“செய்ய மாட்டேன்” என்று சொல்வதில் தயங்காதீர்கள். பிள்ளைகள் கேட்டதெல்லாம் செய்வதற்குப் பெயர் கேட்பது இல்லை. தவிர, தங்களுக்கு எது நன்றாகக் கற்றுத்தருகிறது என்பதில் கற்பவர்களின் உணர்வு சில நேரம் ஏமாற்றும். ஹார்வர்ட் பல்கலைக்கழக இயற்பியல் வகுப்பில் நடந்து 2019-ல் வெளியான ஓர் ஆய்வில், ஒரே பாடத்தை ஒரு பிரிவினர் சரளமான விரிவுரையாகக் கேட்டார்கள். இன்னொரு பிரிவினர் சிறு குழுக்களாகக் கணக்குகளோடு மல்லுக்கட்டிக் கற்றார்கள். விரிவுரை கேட்டவர்கள்தான் “நிறையக் கற்றுக்கொண்டோம்” என்றார்கள். தேர்வு வைத்துப் பார்த்தால் மல்லுக்கட்டியவர்களே அதிகம் கற்றிருந்தார்கள். தடுமாறிக் கற்கும்போது கற்காததுபோலத் தோன்றும். அதனால் “நீங்களே எல்லாக் கணக்கையும் போர்டில் போட்டுக் காட்டுங்க மிஸ்” என்று உங்கள் வகுப்பு எழுதினால், அதற்கு இணங்க வேண்டியதில்லை. ஏன் அவர்களையே போடச் சொல்கிறீர்கள் என்பதை விளக்கிச் சொல்லுங்கள். காரணம் சொல்லி மறுத்தால் பிள்ளைகள் பெரும்பாலும் ஏற்றுக்கொள்கிறார்கள். பதிலே சொல்லாமல் விடுவதைத்தான் அவர்களால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை.

உங்கள் சக ஆசிரியர்கள் சொன்ன பழமொழிக்கு வருகிறேன். அவர்கள் பயம் பொய்யான பயம் இல்லை. கட்டுப்பாடு கையைவிட்டுப் போன வகுப்பில் ஒருவரும் கற்க முடியாது, அமைதியான பிள்ளைகள்தான் முதலில் பாதிக்கப்படுவார்கள். ஆனால் கருத்துக் கேட்பதும் அதிகாரத்தைத் தூக்கிக் கொடுப்பதும் ஒன்றல்ல. 1989-ல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்றுக்கொண்ட குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 12-வது பிரிவே இதைத் தெளிவாகச் சொல்கிறது. தன்னைப் பாதிக்கிற விஷயங்களில் கருத்துச் சொல்லக் குழந்தைக்கு உரிமை உண்டு. அந்தக் கருத்துக்கு அதன் வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ற மதிப்பைக் கொடுக்க வேண்டும். முடிவு குழந்தையுடையது என்று அதில் இல்லை. பெல்ஃபாஸ்டில் பணியாற்றும் லாரா லண்டி என்ற பேராசிரியர் 2007-ல் இந்தப் பிரிவை நாலு தேவைகளாகப் பிரித்து விளக்கினார்: சொல்ல ஓர் இடம், சொல்ல உதவி, கேட்பதற்கு ஆள், சொன்னதால் ஏதாவது நடக்கும் வாய்ப்பு. வெள்ளிக்கிழமை நீங்கள் முதல் மூன்றையும் ஓரளவு கொடுத்துவிட்டீர்கள். நாலாவதுதான் இப்போது பாக்கி.

மரியாதை போய்விடும் என்று நினைப்பவர்களிடம் நான் யானுஷ் கோர்ச்சாக்கைப் பற்றிச் சொல்வேன். போலந்தில் வார்சா நகரத்தில் ஆதரவற்ற குழந்தைகளுக்கான இல்லத்தை நடத்திய மருத்துவர். அந்த இல்லத்தில் குழந்தைகளே நீதிபதிகளாக இருந்த ஒரு நீதிமன்றம் உண்டு. பெரியவர்கள்மீதும் அங்கே வழக்குப் போடலாம். அரை ஆண்டில் ஐந்து முறை தன்னைத் தானே அந்த நீதிமன்றத்தின்முன் நிறுத்திக்கொண்டதாக அவரே எழுதியிருக்கிறார். ஒரு பையனின் காதில் அடித்ததற்காக ஒரு வழக்கு, ஒரு சிறுமியைத் திருடி என்று சந்தேகப்பட்டதற்காக இன்னொன்று. அதனால் அவர்மேல் குழந்தைகளுக்கு இருந்த மதிப்பு குறைந்துவிடவில்லை. 1942-ல் அந்தக் குழந்தைகளை நாஜிகள் மரண முகாமுக்குக் கொண்டுபோனபோது, தான் தப்பிக்க வழி இருந்தும் அவர்களோடேயே போனார். அவரைப் பற்றிப் பேசினால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும், இங்கே நிறுத்திக்கொள்கிறேன். சக ஆசிரியர்களிடம் வாதம் செய்ய வேண்டாம். ஒரு பருவம் உங்கள் வகுப்பில் செய்து பாருங்கள். மாற்றம் தெரிந்தால் அவர்களே வந்து கேட்பார்கள்.

அடுத்த முறைக்கு இன்னும் சில விஷயம். கையெழுத்துப் பிரச்சினையைத் தவிர்க்க, மூன்று பேராக உட்காரவைத்து, பேசி முடிவு செய்ததை ஒருவர் மட்டும் எழுதும்படி சொல்லலாம். அப்போது கருத்து ஒரு குழுவுடையதாகிவிடும், கடுமையும் கொஞ்சம் வடியும். ஆனால் குழுவில் சத்தமாகப் பேசுகிறவன் சொல்வதே எழுதப்படும் என்பதால், நான் ஒரு முறை குழுவாக, ஒரு முறை தனியாக என்று மாற்றி மாற்றிச் செய்வேன். எழுதத் தடுமாறும் பிள்ளைகளுக்கு எழுதச் சொல்வதே இன்னொரு தேர்வு. அவர்களிடம், நோட்டு அடுக்கும்போதோ தாழ்வாரத்தில் கூட நடக்கும்போதோ, “இன்னைக்கு எந்த இடத்துல விட்டுப்போச்சு?” என்று கேட்டால் போதும். கணக்கில் பின்தங்கிய பிள்ளைகள் சொல்வதை நான் எப்போதும் இரண்டு மடங்கு கவனத்தோடு கேட்பேன். நன்றாகப் படிக்கிற பிள்ளை எப்படி நடத்தினாலும் புரிந்துகொண்டுவிடும், பாடத்தில் எங்கே பள்ளம் இருக்கிறது என்று அதில் விழுந்தவர்களுக்குத்தான் தெரியும்.

வேறு ஆசிரியர்களைப் பற்றி எழுத வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அதே நேரம் இதையும் சொல்லுங்கள்: “எழுதுவதை யாரிடமும் காட்ட மாட்டேன். ஆனால் யாராவது உங்களைத் துன்புறுத்துகிறார்கள், உங்களுக்கு ஆபத்து இருக்கிறது என்று தெரிந்தால், அதை மட்டும் உதவி செய்யக்கூடியவர்களிடம் சொல்லியே ஆக வேண்டும்.” பெட்டி வைத்தால் ஒரு நாள் அப்படி ஒரு சீட்டு வரக்கூடும், அது இன்னொரு ஆசிரியரைப் பற்றியதாகவே இருந்தாலும் சரி. அன்றைக்குக் கையெழுத்தைத் தெரியாததுபோல் இருக்கக் கூடாது. மேலே நான் சொன்ன விதிக்கு இது ஒன்றுதான் விலக்கு. பள்ளியில் குழந்தைப் பாதுகாப்புக்குப் பொறுப்பானவர் யாரோ அவரிடம் அன்றே போக வேண்டும். யாரென்று இப்போதே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

சீட்டைக் கிழிக்கவா என்று கேட்டிருந்தீர்கள். கிழிக்க வேண்டாம். 41 சீட்டையும் ஒரு உறையில் போட்டு, மேலே தேதி எழுதி, வீட்டில் வையுங்கள். பள்ளி மேசையில் வேண்டாம், யார் கண்ணிலாவது படும். ஆறு வாரம் கழித்துப் புதிய கேள்விகளோடு மறுபடி சீட்டுக் கொடுங்கள். அன்று இரவு இரண்டு கட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். “கேட்கப் பயமா இருக்கு” என்பது நாலிலிருந்து எத்தனையாக ஆகியிருக்கிறது என்று எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள். கூடியிருந்தாலும் எழுதுங்கள்.